வெள்ளிக்கிழமை வாசித்த பெயர்

ஆங்கில நாவல்களில் வரும் அநாதைப் பெண்கள் மீது சிபானாவுக்கு இரக்கம் வந்ததே இல்லை. நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஒரு தடித்த புத்தகத்தை டிப்ளோமா வகுப்பில் பாடமாக வைத்திருந்தார்கள். தேவாலய வாசலில் யாரோ விட்டுப்போன குழந்தை. ஊரார் வீட்டுச் சோற்றில் வளர்கிறது. பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறது. பிறகு நானூறு பக்கத்துக்கு மழையிலும் சேற்றிலும் நடந்து, நான் யார் என்று கண்ட கதவையெல்லாம் தட்டுகிறது. கடைசியில் ஒரு கல்லறையில் தாயின் பெயரைப் படிக்கிறது. கதை அவ்வளவுதான். நாயகியின் சுயத்தேடல் பற்றிப் பத்துப் பக்கத்தில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார் விரிவுரையாளர்.

முதல் பக்கத்தைச் சிபானா ஒரே மூச்சில் எழுதிவிட்டாள். இந்த நாவலை எங்கள் மருதமுனையில் எழுதியிருந்தால் மூன்றாம் பக்கத்தில் முடிந்திருக்கும் என்று தொடங்கினாள். இங்கே முதலாம் ஒழுங்கையில் நிற்கிற மனிசி ‘நீ ஆருட மகள்’ என்று கேட்பாள். இரண்டாம் ஒழுங்கையில் நிற்கிறவள் ‘என்ன குடி’ என்று கேட்பாள். குடி என்கிற குலப்பெயர் தாய் வழியில் வருகிறது, வீடும் தாய் வழியில் வருகிறது, மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வர வேண்டும். நான் யார் என்று தெரியாமல் அலைவதற்கு இந்த ஊர் ஒருத்தியையும் விடாது. எழுதிவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று தனக்குள் சிரித்தும் கொண்டாள்.

அது ஞாயிற்றுக்கிழமை. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவளுக்கு நிக்காஹ்.

மாப்பிள்ளை றமீஸ் சாய்ந்தமருதில் மருந்துக்கடை வைத்திருந்தான். வீட்டின் முன்பக்கம் முழுவதும் புதுச் சுண்ணாம்பு மணம். வாப்பா ஆதம்பாவா பதினொரு வருடமாகச் சைக்கிள் கடையில் கிரீஸ் பிடித்த கையோடு கட்டிய வீடு அது. வெள்ளிக்கிழமையோடு அது மகளுடையதாகிவிடும். வாப்பாவும் உம்மாவும் பின்னால் சமைக்கிற குசினியோடு ஒட்டிய அறைக்குப் போய்விடுவார்கள். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. பெண்பிள்ளையைப் பெற்றவர்கள் எல்லோரும் அப்படித்தான் பின்னுக்குப் போகிறார்கள்.

ஒரே ஒரு வேலைதான் மீதி இருந்தது. நிக்காஹ் பதிவுகாரர் கொடுத்துவிட்ட படிவத்தை வாப்பா இன்னும் நிரப்பவில்லை. பத்து நாளாக அது அலுமாரிக்கு மேலே குர்ஆன் பக்கத்தில் கிடந்தது. பதிவுகாரர் மூன்று தரம் போன் எடுத்துவிட்டார்.

அன்று அஸர் தொழுதுவிட்டு வந்தவர் அதை எடுத்து மேசையில் விரித்தார். பேனையைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“பேரெழுத மறந்து போச்செண்டா மகள்ட்டக் குடுங்க” என்றாள் உம்மா சுஹறா. “அவ இங்கிலீசிலயும் எழுதுவா.”

“பேர் மறக்கல்ல.”

“அப்ப என்ன, பேனையில மை இல்லயா?”

ஆதம்பாவா எழும்பிப் போய் முன்கதவைச் சாத்திவிட்டு வந்தார். பகலில் அந்தக் கதவைச் சாத்துகிற வழக்கம் அவருக்கு இல்லை. சுஹறாவின் முகம் சட்டென்று இறுகியது.

“வேணாம்” என்றாள். “நான் செல்லுறன், வேணாம். பேசாம எழுதிட்டுப் போங்க.”

“ரெண்டு சாட்சிய வச்சி, அல்லாஹ்ட வீட்டில நிண்டு, ‘எண்ட மகளைத் தாறன்’ எண்டு செல்லணும் சுஹறா. நாக்குப் புரளுதில்ல. பத்து நாளா ஒத்திகை பாக்கிறன், புரளுதில்ல.”

பிறகு அவர் மகளைப் பார்க்காமல், படிவத்தைப் பார்த்தபடியே சொன்னார். பெண்ணைக் கையளிக்கிறவர் வொலி. பெற்ற தகப்பன் அல்லது தகப்பன் வழி ஆண்கள்தான் வொலியாக நிற்கலாம். வளர்த்தவன் நிற்க முடியாது. நின்றால் அந்த நிக்காஹ் செல்லாது.

“அதுக்கென்ன” என்றாள் சிபானா. அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. “நீங்கதானே வாப்பா.”

“நான் உன்ன வளத்தன், மகள்.”

கடல் வந்த அன்று சுஹறாவின் கையில் மூன்று மாதக் குழந்தை இருந்தது. தண்ணீர் அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. பிறப்புச் சான்றிதழில் உள்ள சிபானா அவள்தான். மகளைத் தேடிக்கொண்டு பின்னேரம் வரைக்கும் கரையோரம் நடந்த ஆதம்பாவாவுக்குத் தாழைப் பற்றைக்குள் ஒரு பஞ்சு மெத்தையின் மேல் வேறொரு குழந்தை கிடைத்தது. உயிரோடு இருந்தது. தூக்கிக்கொண்டு, சனம் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். பால் கட்டி, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்த சுஹறா இரண்டு கையையும் நீட்டி, ‘சிபானா வந்துட்டா’ என்று வாங்கிக்கொண்டாள். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. காய்ச்சல் விட்ட பிறகு அவளுக்கும் தெரிந்திருக்கும். அவளும் சொல்லவில்லை. ஒழுங்கையில் அவர்களை அறிந்த பாதிப்பேர் இல்லாமல் போயிருந்தார்கள். மிச்சப் பேருக்கு மூன்று மாதக் குழந்தையின் முகமா ஞாபகம் இருக்கப் போகிறது. செத்த பிள்ளைக்கு மரணப் பதிவு எழுதவில்லை. அவளுடைய சான்றிதழ் இவளுக்கு வந்தது. அவளுடைய பிறந்தநாளும்தான்.

“எண்ட கழுத்தில, இடுப்பில, ஒண்டும் இருக்கல்லயா?” என்று கேட்டாள் சிபானா.

“ஒரு நூல் கூட இல்ல. கடல் எல்லாத்தையும் உரிச்சி எடுத்திருந்திச்சு.”

“அப்ப நான் முஸ்லிமா, தமிழா?”

“பால் குடிச்ச புள்ளக்கு என்ன கேள்வி இது?” என்றாள் சுஹறா. “ரெண்டு வருசம் எண்ட பாலக் குடிச்சாய்.”

ஆதம்பாவா இன்னும் முடிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பாண்டிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு தமிழ்ப் பெண் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். கால் முழுவதும் வெட்டுக்காயம். ‘காக்கா’ என்று அண்ணன் முறை சொல்லி, ‘எண்ட புள்ளயக் கண்டீங்களா’ என்று கேட்டாள். உள்ளே சுஹறா முந்தானைக்குள் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“நான் செல்லிட்டன். ‘இஞ்ச எண்ட மகள் மட்டும்தான் இருக்கா’ எண்டு செல்லிட்டன். செல்லிப்போட்டுக் கேட்டைச் சாத்தினன். ஒருதரம் செல்லியாச்சு. ரெண்டாம் தரம் ஏலாது.”

“அவ இப்ப எங்க?”

“கல்முனைச் சந்தையில கருவாடு விக்கிறா. கனகேஸ்வரி எண்டு பேர்.”

சிபானாவுக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு விஷயம் விளங்கியதே இல்லை. சந்தைக்குப் போனால் வாப்பா கருவாட்டு வரிசையால் நடக்க மாட்டார். பஸ் நிலையத்தைச் சுற்றி, வெயிலில் இரண்டு மடங்கு தூரம் கூட்டிக்கொண்டு போவார். நாற்றம் பிடிக்காது என்பார். வீட்டில் கருவாடு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

“நீ செல்லு மகள்” என்றார் ஆதம்பாவா. “எழுது எண்டா எண்ட பேர எழுதுறன், பாவம் எண்ட கழுத்தில. வேணாமெண்டா காதிக் கோட்டு நீதவான், காதியார், வொலியா நிப்பார். தகப்பன் தெரியாத புள்ளைக்கு அவர்தான். அப்ப மாப்பிள வீட்டாருக்கு உள்ளதச் செல்லத்தான் வேணும்.”

“செல்லினா எண்ட புள்ள மௌத்தாகிரும்” என்றாள் சுஹறா.

செத்துவிடும் என்று தன்னைத்தான் சொல்கிறாள் என்று சிபானா முதலில் நினைத்தாள். உம்மாவின் கண் அவள் மேல் இல்லை. அலுமாரிக்குள், சான்றிதழ் இருக்கிற தட்டில் இருந்தது.

மறுநாள் காலையில் சிபானா பஸ் ஏறினாள். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கருவாட்டு வரிசையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பெயர் கேட்டதும் நெத்தலிக் குவியலுக்குப் பின்னால் இருந்த பெண்ணைக் காட்டினார்கள். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி, நரைத்த கொண்டை, கையில் ஈ விரட்டும் மட்டைத் துண்டு. சிபானா அந்த முகத்தில் தன் முகத்தைத் தேடினாள். மூக்கு தன்னுடையது போலத்தான் இருந்தது. பக்கத்தில் வெங்காயம் விற்றவரின் மூக்கும் அப்படித்தான் இருந்தது.

“என்னகா, கருவாட்டப் பாக்கிறியா, என்னப் பாக்கிறியா?” என்றாள் கனகேஸ்வரி.

“நெத்தலி என்ன விலை?”

வழக்கமாகச் சந்தையில் தமிழ்ப் பெண்களை அவள் ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவாள். அன்று அந்தச் சொல் தொண்டைக்கு மேலே வரவில்லை.

“விலை எழுதி வச்சிருக்கு. படிச்ச புள்ள மாதிரி இருக்காய், வாசிக்கத் தெரியாதா?”

“அக்கா, சுனாமியில உங்கட ஆக்கள் ஆரும்…”

மட்டைத் துண்டு நின்றது. “என்ஜிஓவா? நீங்கெல்லாம் இன்னும் முடிக்கல்லயா? தையல் மிசின் தாறமெண்டு எழுதிக்கொண்டு போன பெட்டை இப்ப கனடாவில புள்ளப் பெத்திட்டாளாம்.”

“இல்ல. படிக்கிறன். ஒரு கட்டுரைக்கு.”

“படிப்புக்கா. அப்ப தையல் மிசினும் இல்ல.” பக்கத்து வெங்காயக்காரர் சிரித்தார். கனகேஸ்வரி சிரிக்கவில்லை. “ஒண்டுதான் போனது. எண்ட பொடியன்.”

“பொடியனா?”

“பொடியன்தான். சசிகரன். ஒண்டரை வயசு. நல்லா நடப்பான், ஓட்டமும் நடையுமா. ஏன், பொடியனெண்டா எழுத மாட்டியா?”

சிபானா தராசைப் பிடித்துக்கொண்டாள். தராசு ஆடியது.

“கிடைச்சானா?”

“மூணாம் நாள் பின்னேரம் கிடைச்சான். பெரியநீலாவணைப் பக்கம். அரைஞாண் கயித்தப் பாத்துத்தான் கண்டுபிடிச்சன். எடுத்துக் குழி வெட்டித் தாட்டன்.” கனகேஸ்வரி ஒரு பழைய பத்திரிகைத் தாளைக் கிழித்தாள். “கிடைச்சதே பெரிய காரியம். எங்கட ஒழுங்கையில ரெண்டு பேர் இருக்காளுகள், புள்ளையளக் கண்ணாலயும் காணல்ல. இண்டைக்கும் ரோட்டில போற வாலிபப் பொடியன்மாரப் பாத்துக்கொண்டு நிப்பாளுகள். எனக்கு அந்தப் பைத்தியம் இல்ல. எண்டவன் எங்க கிடக்கிறானெண்டு எனக்குத் தெரியும்.”

“மருதமுனைப் பக்கமும் தேடினீங்களா?”

“தேடாத இடமில்ல. எல்லா வாசல்லயும் முதல்ல கேப்பாங்க, பொடியனா பொட்டையா எண்டு. அந்தப் பள்ளிக்கூடத்தில நிண்ட காக்கா ஒராள் மட்டும் அதைக் கேக்கல்ல. ‘எண்ட மகள் மட்டும்தான்’ எண்டு போட்டுக் கேட்டைச் சாத்திட்டார். பாவம், அவருக்கும் ஆரோ போயிருக்கும், மூளை குழம்பிட்டாக்கும் எண்டு நினைச்சன்.” அவள் நெத்தலியை அள்ளித் தராசில் போட்டாள். “நீ ஆருட மகள்?”

“மருதமுனை.”

“ஆருட மகளெண்டு கேட்டா ஊர்ப் பேரச் செல்லுறாய்.”

“கால் கிலோ போடுங்க” என்றாள் சிபானா.

திரும்பி வருகிற பஸ்ஸில் யன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. மடியில் நெத்தலிப் பொட்டலம் மணத்தது. பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இருக்கைக்குப் போனாள்.

நேற்றிரவு முழுவதும் சிபானா ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். தன்னைத் தேடி ஒருத்தி காலில் வெட்டுக்காயத்தோடு அலைந்தாள் என்ற நினைப்பு அது. அதில் ஒரு பெருமை கூட இருந்தது. இப்போது அதுவும் இல்லை. தன்னைப் பெற்றவர்கள் அதே காலையில் தண்ணீரோடு போயிருப்பார்கள். அல்லது இருந்தும் வரவில்லை. எதுவென்று இனித் தெரியப் போவதில்லை. அந்த நாவலின் நாயகிக்காவது ஒரு கல்லறை இருந்தது.

பாண்டிருப்பைத் தாண்டும்போது அவளுக்கு மற்றவளின் ஞாபகம் வந்தது. மூன்று மாதக்காரி. வாப்பா கரையில் தேடிப் போனது ஒரு பிள்ளையை. கையில் கிடைத்தது இன்னொரு பிள்ளை. தேடல் அத்தோடு நின்றுவிட்டது. மூன்றாம் நாள் எல்லோரும் பிரேதங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தபோது, அவளுக்காக யாரும் குனியவில்லை. அவளுக்குக் குழி இல்லை, தொழுகை இல்லை, அழுத ஒரு ஆள் இல்லை. அவளுடைய பெயரில் இன்னொருத்தி பாடசாலைக்குப் போனாள், பரீட்சை எழுதினாள், வெள்ளிக்கிழமை கலியாணமும் முடிக்கப் போகிறாள்.

யாரும் தேடாத பிள்ளை தானல்ல, அவள்தான் என்று அவளுக்கு அப்போது விளங்கியது.

வீட்டுக்குள் வந்து பொட்டலத்தை உம்மாவிடம் கொடுத்தாள். வாப்பா கடைக்குப் போகாமல் முன்னறையில் இருந்தார். படிவமும் அப்படியே இருந்தது.

“பொடியன் வாப்பா” என்றாள். “அந்த மனிசி தேடினது பொடியன. அண்டைக்கே பின்னேரம் மையித்துக் கிடைச்சிட்டாம்.”

ஆதம்பாவா பேனையின் மூடியைக் கழற்றினார், பூட்டினார்.

“நான் கேக்கல்லயே” என்றார் கடைசியில். “பொடியனா பொட்டையா எண்டு ஒரு வார்த்தை கேக்கல்லயே. இருவத்தொரு வருசம் அந்தக் கருவாட்டு வரிசையால நான் போகல்ல.”

“இனிப் போங்க.”

சுமை இறங்கினால் மனிதன் நிமிர்வான் என்பார்கள். அவர் நிமிரவில்லை. இத்தனை காலமும் மகளுக்கு ஒரு தாய் சந்தையில் இருக்கிறாள் என்று நம்பியே அவர் பாவத்தைச் சுமந்தார். இப்போது பாவமும் இல்லை, தாயும் இல்லை.

“அப்ப நீ ஆரு, மகள்?” என்று கேட்டார்.

“தெரியா. வொலிக்குக் காதியார எழுதுங்க. மாப்பிள வீட்டாருக்கு நான் செல்லுறன்.”

சுஹறா குசினி நிலைக்கு வந்து நின்றாள். கையில் நெத்தலிச் சுளகு.

“உனக்கு என்ன குறை வச்சன்?” என்றாள். “ஒரு குறை செல்லு. ஒண்டு.”

“ஒண்டும் இல்ல உம்மா.”

“அப்ப ஏன் எண்ட புள்ளயக் கொல்லுறாய்?”

“அவள ஆரும் தேடல்ல உம்மா. நான் அவள்ட இடத்தில படுத்திருந்ததால ஆரும் தேடல்ல. அவளுக்கு ஒரு தொழுகையும் இல்ல. வெள்ளிக்கிழமையும் அவள்ட பேரச் செல்லி நான் போய் நிண்டா, அவள் இருந்ததே இல்லையெண்டு ஆகிரும்.”

சுஹறா நிலத்தில் உட்கார்ந்து நெத்தலித் தலைகளைக் கிள்ளத் தொடங்கினாள். கிள்ளிக்கொண்டே இருந்தாள். தலைகளைச் சட்டியிலும் மீனைக் குப்பையிலும் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சிபானா றமீஸுக்குப் போன் எடுத்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். புதன்கிழமை அவனுடைய தாய் லைலா வந்தாள். குடை மடக்கினாள், கதிரையில் இருந்தாள், தேத்தண்ணீரை முழுதாகக் குடித்தாள்.

“புள்ளையில ஒரு குறையும் இல்ல ராத்தா” என்றாள் சுஹறாவிடம். “நல்ல படிப்பு, நல்ல நடத்தை. ஆனா நாளைக்குப் பேரப்புள்ளைகள் வந்து, ‘எங்கட குடி என்ன’ எண்டு கேட்டா நான் என்னத்தச் செல்லுற? தாழம்பத்தை எண்டா செல்லுற?”

சுஹறா அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. லைலா கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள். சுண்ணாம்பு நல்ல நிறம் என்றாள். குடையை விரித்துக்கொண்டு போனாள்.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு றமீஸிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘உம்மாவ மீற ஏலாது. நீ ஏன் சொன்னாய்? சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்?’ அவன் கெட்டவன் இல்லை. அவன் கேட்டதிலும் பிழை இல்லை.

வியாழக்கிழமை ஆதம்பாவா பள்ளிவாசலுக்குப் போய், ஜும்ஆப் பிரசங்கம் செய்கிற கதீபோடு கதைத்துவிட்டு வந்தார். என்ன கதைத்தார் என்று வீட்டில் சொல்லவில்லை. படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. முன்னறையில் அடுக்கி வைத்திருந்த வாடகைக் கதிரைகளை ஆட்கள் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். சிபானா தன் மேசையில் உட்கார்ந்து கட்டுரைத் தாள்களை எடுத்தாள். முதல் பக்கத்தைப் படித்தாள். நான் யார் என்று தெரியாமல் அலைவதற்கு இந்த ஊர் ஒருத்தியையும் விடாது. அந்த வரியை வெட்டினாள். வேறு வரி வரவில்லை.

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. கதீபின் குரல் ஒழுங்கை முழுவதும் கேட்டது.

“ஒரு அறிவித்தல். இருபத்தொரு வருடங்களுக்கு முன்னர் கடல் கொண்டுபோன, சைக்கிள் கடை ஆதம்பாவா அவர்களின் மகள், மூன்று மாதக் குழந்தை சிபானாவுக்காக இப்பொழுது காயிப் ஜனாஸாத் தொழுகை நடைபெறும். மையித்து இல்லாமல் தொழுகிற தொழுகை. சகோதரர்கள் எழும்பிப் போகாமல் கலந்துகொள்ளவும்.”

இன்று அந்தப் பள்ளிவாசலில் அந்த நேரத்தில் நிக்காஹுக்கு வாசிக்க வேண்டியிருந்த பெயர்தான் அது. ஆதம்பாவாவின் மகள் சிபானா. ஒரு எழுத்தும் மாறவில்லை. வாப்பாவின் நாக்கும் இன்று புரண்டிருக்கும்.

அடுத்த வீட்டு மதிலுக்கு மேலால் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. சிபானா யன்னலைச் சாத்தவில்லை. உயிரோடு உட்கார்ந்துகொண்டு தன்னுடைய மரண அறிவித்தலைக் கேட்பது போல இருக்கும் என்று அவள் பயந்திருந்தாள். அப்படி இருக்கவில்லை. இரவல் உடுப்பைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தது போல இருந்தது. திருப்பிக் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ள வேறு உடுப்பு இல்லை.

குசினிக்குள் ஏதோ விழுந்தது. பிறகு சுஹறாவின் குரல். அழுகை என்று சொல்ல முடியாது, அதற்குச் சொல் ஒன்றும் இல்லை. இருபத்தொரு வருடம் உள்ளே இருந்து புளித்துப் போனது வெளியே வருகிற சத்தம். சிபானா எழும்பி நிலை வரைக்கும் போனாள். உள்ளே போகவில்லை. அந்த அழுகை இன்னொருத்திக்கு உரியது. அதில் போய்ப் பங்கு கேட்க அவளுக்கு உரிமை இல்லை.

திரும்பி வந்து மேசையில் இருந்தாள். கட்டுரையின் முதல் தாளில் மேல் மூலையில் மாணவியின் பெயர் என்று ஒரு கோடு இருந்தது. அதை நிரப்பாமல் விட்டாள்.

வாப்பா அஸருக்குப் பிறகும் வீட்டுக்கு வரவில்லை. கடை திறந்திருப்பதாக யாரோ சொன்னார்கள்.

வெயில் தாழும் நேரம் சுஹறா அறை வாசலில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தாள். இருபத்தொரு வருடமாக ஒரு நாளைக்கு நூறு தரம் கூப்பிட்ட பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, நின்றது, திரும்பிப் போனது. அவள் வாயை மூடினாள். மறுபடி திறந்தாள்.

“புள்ள” என்றாள். “சோறு திங்கிறியா?”

“ஓம்.”

நெத்தலி பொரித்து வைத்திருந்தாள். திங்கட்கிழமை குப்பையிலிருந்து பொறுக்கிக் கழுவி வைத்தது. உப்புக் கூடியிருந்தது. இரண்டு பேரும் மீதி வைக்காமல் தின்றார்கள்.